தகவல் ஆணையம் போடும் ஆணையும் ஒரு தகவல்தானே?

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாச்சு. மனு எப்படி எழுதணும், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பை எங்கே ஒட்டணும், முப்பது நாளில் பதில் வராட்டி யாருக்கு முதல் மேல்முறையீடு போடணும் என்று எல்லாமே தேடினால் கிடைக்கும். ஆனா அந்தப் பாதையின் கடைசியில் இருக்கிற காகிதத்தைப் பற்றி அதிகம் பேச்சில்லை. இரண்டாம் மேல்முறையீட்டை விசாரித்துவிட்டுத் தகவல் ஆணையம் போடுகிற ஆணையைச் சொல்கிறேன். போட்ட பிறகு அது எங்கே போகிறது? வழக்கில் சம்பந்தப்படாத ஒருவர் அதைத் தேடி எடுத்துப் படிக்க முடியுமா?

பல இடங்களில் முடியாது. முடிகிற இடத்திலும், ஆணை எண் முன்கூட்டியே தெரிந்தவர்தான் எடுக்க முடியும். இது வெறும் வெப்சைட் குறைபாடு, கொஞ்சம் பணம் செலவு பண்ணினா சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தேட முடியாத ஆணை இரண்டு தரப்பில் ஒரு தரப்புக்கு மட்டும் உதவுகிறது. அந்தத் தரப்பு எப்போதும் அரசு அலுவலகம்தான். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

இரண்டு பேருக்கு எழுதிய கடிதம்

சட்டத்தின் 19(9) பிரிவு, ஆணையம் தன் முடிவை முறையீடு செய்தவருக்கும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பல ஆணையங்களின் நடைமுறையைப் பார்த்தால், இதோடு தங்கள் கடமை முடிந்தது என்று நினைப்பதுபோல் இருக்கிறது. ஆணை என்பது இரண்டு பேருக்குத் தபாலில் போகும் கடிதம், மூன்றாவது ஆளுக்கு அதில் என்ன வேலை என்ற மனப்பான்மை.

ஆனா அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு என்ன சொல்லுது? ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும், மக்கள் மனு போடும் தேவையே குறையும் அளவுக்கு, தகவல்களை இணையம் உட்படப் பல வழிகளில் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. தகவல் ஆணையம் இதே சட்டத்தால் உருவான அமைப்பு. ஊராட்சி அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் பொருந்தும் விதி அதற்கும் பொருந்தும். ஆணையத்தின் கையில் இருக்கும் ஆவணங்களிலேயே பெரிய ஆவணம் எது? அது போட்ட ஆணைகள்தான்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்க் கலன்ட்டர் 1974-இல் எழுதிய ஒரு கட்டுரையில், வழக்காடுபவர்களை இரண்டு வகையாகப் பிரித்தார். வாழ்நாளில் ஒருமுறை மட்டும் படியேறும் ஆள் ஒரு வகை. அதே மாதிரி வழக்குகளில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் நிறுவனம் இன்னொரு வகை. இரண்டாவது வகைக்குப் போன தடவை என்ன நடந்தது என்று தெரியும், எந்த வாதம் எடுபட்டது என்று தெரியும், எதில் தோற்றால் பரவாயில்லை என்பதும் தெரியும். இந்த நினைவுதான் அதன் பலம்.

நம்ம ஊர் தகவல் மனுவில் இது அப்பட்டமாகத் தெரியும். வருவாய்த் துறையோ உள்ளாட்சியோ ஆணையத்தின் முன் எத்தனையோ தடவை நின்றிருக்கும். தனக்குச் சாதகமான ஆணைகளை ஃபைலில் வைத்திருக்கும். பட்டா மாறுதல் விவரம் கேட்டு வந்த மனுதாரருக்கோ அதுதான் முதல் தடவை, அநேகமாகக் கடைசித் தடவையும். இதே கேள்விக்குப் போன வருஷம் பக்கத்து மாவட்டத்தில் ஒருவருக்கு "கொடு" என்று ஆணை வந்திருக்கலாம். அது இவருக்கு எப்படித் தெரியும்? தகவலை மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்த அலுவலர் தலையில்தான் என்று 19(5) சொல்கிறது. பழைய ஆணைகள் ஒரு பக்கத்தின் கையில் மட்டும் இருக்கும்போது, அந்தப் பொறுப்பு சத்தமில்லாமல் மனுதாரர் தலைக்கு மாறிவிடுகிறது.

ஃபைல் நோட்டிங் கதை

இதற்கு நல்ல உதாரணம் கோப்புக் குறிப்புகள், அதாவது ஆபீஸ் பாஷையில் ஃபைல் நோட்டிங். ஒரு கோப்பில் எந்த அதிகாரி என்ன கருத்து எழுதினார், யார் ஆட்சேபித்தார், யார் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஒரு முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

சட்டம் 2005 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2006 ஜனவரி கடைசியிலேயே மத்திய தகவல் ஆணையம், கோப்புக் குறிப்பும் கோப்பின் பகுதிதான், விதிவிலக்கில் வராத வரை கொடுக்க வேண்டும் என்று ஆணை போட்டுவிட்டது. ஆனா இந்தச் சட்டத்தை நிர்வகிக்கும் பணியாளர் மற்றும் பயிற்சித் துறையின் இணையதளம், கோப்புக் குறிப்பு 'தகவல்' ஆகாது என்றே தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் துறை, குறிப்புகளையும் கொடுக்கலாம் என்று விளக்கம் தந்து சுற்றறிக்கை விட்டது 2009 ஜூனில்.

நடுவில் மூணு வருஷத்துக்கு மேல். அந்தக் காலத்தில் மனு போட்டவரை நினைத்துப் பாருங்க. அலுவலர் துறையின் இணையப் பக்கத்தைக் காட்டி "கிடையாது" என்பார். அதற்கு மேலான, கட்டுப்படுத்தக்கூடிய ஆணை ஒன்று இருப்பது தெரிந்தவர் திருப்பிக் கேட்டிருப்பார். தெரியாதவர் வீட்டுக்குப் போயிருப்பார். சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆணை கண்ணில் பட்டதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சென்னையிலேயே இருக்கு. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டும் என்ற கருத்தில் தீர்ப்பு எழுதியது. சட்டத்தின் 6(2) பிரிவோ காரணம் கேட்கவே கூடாது என்கிறது. தீர்ப்பு வெளியானதும் படித்தவர்கள் கேள்வி எழுப்பினார்கள், பத்திரிகைகள் எழுதின. சில நாட்களிலேயே அதே அமர்வு, யாரும் சீராய்வு மனு போடாமலே, தானாக முன்வந்து அந்தப் பத்திகளை நீக்கியது. தவறு திருத்தப்பட்ட வேகத்துக்குக் காரணம், அந்தத் தீர்ப்பை யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்ததுதான். அதே தவறு ஒரு தகவல் ஆணையத்தின் ஆணையில் நடந்து, அது இரண்டு பேருக்கு மட்டும் தபாலில் போயிருந்தால்? இன்னும் எத்தனை மனுக்களில் அதை மேற்கோள் காட்டியிருப்பார்களோ.

கோர்ட் முந்திக்கொண்டது

இதில் ஒரு முரண் இருக்கு. வழக்கு ஆவணங்களின் நகல் வேண்டும் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்காதே, நீதிமன்ற விதிகளின்படி விண்ணப்பம் போடு என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில், குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் சொன்னது. தன் ஆவணங்களுக்கு இந்தச் சட்டத்தின் வாசலை அந்த அளவுக்குச் சாத்திய நீதிமன்றம், தீர்ப்புகள் விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. 2023 ஜனவரியில் இ-எஸ்சிஆர் என்ற தளத்தைத் திறந்து, சுமார் 34,000 தீர்ப்புகளை இலவசமாக, சொல் கொடுத்துத் தேடும்படி வைத்தது. அதிகாரப்பூர்வத் தொகுப்பை விலை கொடுத்து வாங்கிப் படித்த வழக்கம் அதோடு மாறியது. முக்கியமான தீர்ப்புகளின் தமிழாக்கமும் வர ஆரம்பித்தது.

தீர்ப்பின் மூல வாசகம் யாருடைய சொத்தும் இல்லை என்பதும் எப்போதோ முடிவான விஷயம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நீதிமன்றம், தீர்ப்பாயம் போன்ற அமைப்புகளின் தீர்ப்புகளை, அவை தடை செய்யாத வரை, மறுபதிப்புச் செய்ய அனுமதிக்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றமும், பதிப்பகம் தன் உழைப்பைச் சேர்த்த பகுதிகளுக்குத்தான் உரிமை கோரலாம், மூலத் தீர்ப்புக்கு அல்ல என்றது. ஆக, சட்டத் தடை எதுவும் கிடையாது. இந்தியன் கானூன் தளத்தில் மத்திய ஆணையத்தின் ஆணைகள் ஏராளமாகக் கிடைப்பதே இதற்குச் சாட்சி. ஒரு தனியார் தேடுபொறி செய்ய முடிந்ததை, வெளிப்படைத்தன்மைக்காகவே பிறந்த அமைப்புகள் ஏன் செய்யவில்லை என்பதுதான் கேள்வி.

இணையத்தில் இருப்பதும் கிடைப்பதும்

"நாங்கதான் அப்லோட் பண்றோமே" என்ற பதில் வரும். சரி, எதை எப்படி அப்லோட் பண்றாங்கன்னு பார்ப்போம்.

முதல் சிக்கல், ஸ்கேன். ஆணையைக் கம்ப்யூட்டரில் அடித்து, பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, திரும்ப ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குவது. கம்ப்யூட்டரில் எழுத்தாக இருந்தது இப்போது படமாகிவிட்டது. அதற்குள் தேட முடியாது. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பானுக்கு அது வெற்றுப் பக்கம்.

இரண்டாவது சிக்கல் தமிழுக்கே உரியது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் ஔவையார் போன்ற எழுத்துருக்கள் வெகுகாலம் ஆட்சி செய்தன. யூனிகோடும் டேஸ்16-உம்தான் தரம் என்று 2010-இலேயே அரசாணை வந்துவிட்டது. அதற்கு முன்பும், பழக்க தோஷத்தில் பின்பும் அடித்த கோப்புகள் திரையில் தமிழாகத் தெரியும். காப்பி பண்ணி ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாக விழும். 'பட்டா' என்று தேடினால், அந்தப் பக்கத்தில் பத்து இடத்தில் பட்டா இருந்தாலும் ஒன்றுகூடச் சிக்காது. ஆங்கிலத்தில் எழுதிய ஆணையாவது தேடுபொறியில் மாட்டும். தமிழில் எழுதியதாலேயே ஒரு ஆணை காணாமல் போவது எவ்வளவு பெரிய கொடுமை!

மூன்றாவது சிக்கல், அடுக்கி வைக்கும் முறை. மத்திய ஆணையத்தின் கோப்பு எண்ணை எடுத்துக்குங்க. துறையின் சுருக்கம், மேல்முறையீடா புகாரா என்பதைச் சொல்லும் எழுத்து, ஆண்டு, வரிசை எண் என்று இருக்கும். பதிவேடு பராமரிக்க அருமையான எண். ஆனா படிக்க வருபவரின் கேள்வி வேறு: "8(1)(எச்) பிரிவைக் காட்டி, விசாரணை நடக்குது என்று மறுத்த வழக்குகளில் ஆணையம் என்ன சொன்னது?" இதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் தன் முடிவுகளை அமைப்பின் பெயர், துறை, சட்டப் பிரிவு, முறையீடு ஏற்கப்பட்டதா இல்லையா என்று வடிகட்டித் தேடும்படி வைத்திருக்கிறது. இதில் ராக்கெட் சயின்ஸ் எதுவும் கிடையாது. ஆணையை எழுதி முடிக்கும்போது நாலு கட்டங்களை நிரப்பணும், அவ்வளவுதான்.

நானே ஒரு மாநில ஆணையத்தின் தளத்தில் ஒரு குறிப்பிட்ட பிரிவு சார்ந்த ஆணைகளைத் தொகுக்கப் பார்த்தேன். தேடல் பெட்டி வழக்கு எண்ணைக் கேட்டது. வழக்கு எண் தெரிந்தால் நான் எதற்குத் தேடப் போகிறேன்? கடைசியில் மாதவாரியாக ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. பாதி ஆணைகள் ஒரே அச்சில் வார்த்தவை: "தகவல் வழங்கப்பட்டுவிட்டது, எனவே வழக்கு முடித்து வைக்கப்படுகிறது." என்ன கேட்டார், என்ன கொடுத்தார்கள், ஏன் தாமதம் என்று ஒரு வரிகூட இல்லை. யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் எழுத்து இப்படித்தான் ஆகும் என்று தோன்றியது. காரணம் எழுதும் பழக்கமும் வாசகர் இருந்தால்தான் வளரும்.

மனுதாரரின் பெயர் என்ன ஆவது?

எதிர்வாதங்களில் கனமானது இதுதான். தகவல் கேட்டதற்காக அடி வாங்கியவர்களும் உயிரை விட்டவர்களும் இந்த நாட்டில் உண்டு. கிர் காட்டுப் பகுதியின் சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜேத்வா, 2010-இல் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நான் பார்த்த பல ஆணைகளின் முதல் பக்கத்திலேயே மனுதாரரின் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கின்றன. அதை அப்படியே தேடுபொறியில் ஏற்றினால், மணல் லாரி பற்றிக் கேட்டவரின் வாசலை யாரும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம்.

இது நியாயமான பயம். ஆனா இதற்குத் தீர்வு ஏற்கெனவே பாதி கிடைத்துவிட்டது. மனுதாரர் தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்னது. மனுக்களையும் பதில்களையும் இணையத்தில் ஏற்றும்போது மனுதாரரின் சொந்த விவரங்களைப் போட வேண்டாம் என்று மத்திய அரசு 2016-இல் அறிவுறுத்தியது. ஆணைகளுக்கும் இதையே செய்யலாம். முகவரி வேண்டாம், வேண்டுமென்றால் பெயரும் வேண்டாம். எந்த அலுவலகம், என்ன கேள்வி, எந்தப் பிரிவு, என்ன காரணம், என்ன முடிவு என்ற ஐந்தும் இருந்தால் போதும். ஆணையின் பயன் முழுக்க இவற்றில்தான் இருக்கு.

தனியுரிமையும் பொது ஆவணமும் மோதுவது புதுசும் இல்லை. நக்கீரன் கோபால் தொடுத்த வழக்கில், ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பாக, உச்ச நீதிமன்றம் 1994-இல் ஒரு கோடு போட்டது: நீதிமன்றப் பதிவுகள் உட்பட, பொது ஆவணத்தில் வந்துவிட்ட விஷயத்துக்குத் தனியுரிமை கோர முடியாது, ஆனால் பாலியல் குற்றம் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் வெளிவரக் கூடாது. இணையத் தேடல் வந்தபின் அந்தக் கோடு ஆட்டம் காண்கிறது. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கவும், அதை இந்தியன் கானூன் தளம் நீக்கவும் சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், அது தனி மனிதரின் பெயரைப் பற்றியது. அலுவலகத்தின் செயலை மூடி வைக்க அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

இன்னொரு எதிர்வாதம்: "வெளியிட்டால் மட்டும் அமல்படுத்திவிடுவாங்களா?" மாட்டாங்க. ஆறு தேசியக் கட்சிகளும் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்று மத்திய ஆணையம் 2013 ஜூனில் போட்ட ஆணையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கட்சிகள் அதன்படி நடக்கவில்லை. ஆனாலும் பத்து வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது. அமல்படுத்தாத ஆணையை மேற்கோள் காட்டியாவது சண்டை போடலாம். கண்ணில் படாத ஆணையை வைத்து அதுவும் முடியாது.

இப்போது ஏன் அவசரம்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) வாசகத்தையே மாற்றுகிறது. இந்த மாற்றம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஒரு தகவலை 'தனிப்பட்டது' என்று மறுக்க, அதற்கும் பொதுப் பணிக்கும் தொடர்பில்லை என்றோ, தந்தால் தேவையில்லாமல் அந்தரங்கத்தில் நுழைவதாகும் என்றோ காட்ட வேண்டும். அப்போதும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுத்தாக வேண்டும். அந்த நிபந்தனைகள் எல்லாம் இப்போது போய்விட்டன. தனிநபர் தகவல் என்றால் மறுக்கலாம், முடிந்தது.

மிச்சமிருப்பது 8(2) பிரிவு. பாதுகாக்கப்படும் நலனுக்கு ஏற்படும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்கிறது அது. தரலாம்! யார் எடை போடுவது? எதை வைத்து? ஒப்பந்ததாரர் பெயர், பயனாளிப் பட்டியல், அதிகாரி மீதான ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றில் எதில் பொதுநலன் எடை கூடியது, எதில் கூடவில்லை என்று இருபது வருஷமாக ஆணையங்கள் எழுதி வைத்திருக்கின்றன. பழைய வாசகம் போய்விட்டதால் அந்த ஆணைகள் செல்லாக்காசு ஆகிவிட்டன என்று அலுவலர்கள் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுநலன் என்ற சொல் இன்னும் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு நடைமுறையில் என்ன பொருள் என்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே அகராதி இந்தப் பழைய ஆணைகள்தான். அந்த அகராதி ஸ்கேன் படங்களாக, பழைய எழுத்துருக்களில், எண் வரிசையில் கிடக்கிறது.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் கையில் ஆணையத்தின் ஆணை ஏதாவது இருந்தால், முகவரியை மறைத்துவிட்டு, பிரிவையும் துறையையும் முடிவையும் யூனிகோடில் நாலு வரி தட்டச்சு செய்து எங்காவது போட்டு வையுங்க. உங்க மாநில ஆணையத்துக்கே ஒரு மனு போட்டு, 8(2) பிரிவின் கீழ் தகவல் கொடுக்கச் சொன்ன ஆணைகளின் பட்டியலைக் கேளுங்க. "அப்படித் தொகுத்து வைக்கவில்லை" என்று பதில் வந்தாலும் நஷ்டமில்லை. 4-ஆம் பிரிவை ஆணையமே கடைப்பிடிக்கவில்லை என்று எழுத்துமூலமாக, கையெழுத்தோடு, ஒரு ஆவணம் உங்களுக்குக் கிடைத்துவிடும்.